பொய் எந்த நாளில் பொய்யாகிறது?

கொழும்புத் தமிழ் நாளிதழ்களிலும் வானொலி, தொலைக்காட்சிச் செய்திப் பிரிவுகளிலும் பணியாற்றும் உதவி ஆசிரியர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்



ஒரே ஒரு சொல்லைப் பற்றி உங்களிடம் முறையிட வேண்டியிருக்கிறது. அது 'பொய்' என்ற சொல். அறியாமல் பிழையான தகவலைச் சொன்ன சாதாரண ஆட்களுக்கு அந்தச் சொல்லைத் தாராளமாகக் கொடுக்கிறீர்கள். 'பொய்ச் செய்தி பரப்பியவர் கைது' என்று தலைப்பு வருகிறது. அவருக்கு அது பொய்யென்று தெரிந்திருந்ததா என்பது செய்தியின் கடைசி வரி வரைக்கும் வருவதில்லை. பதவியில் இருக்கும் ஒருவர் தன் மேசையில் கிடக்கும் அறிக்கைக்கு நேர் மாறாகப் பேசும்போதோ, 'உண்மைக்குப் புறம்பானது' என்று மெத்தை விரித்துவிடுகிறீர்கள். வேண்டாத இடத்தில் கூர்மையும் வேண்டிய இடத்தில் மழுக்கமும். இரண்டும் சேர்ந்து, யார் தவறினார், யார் ஏமாற்றினார் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கத்தையே வாசகரிடமிருந்து பறித்துவிடுகின்றன.

'உண்மைக்குப் புறம்பானது' என்ற தொடரைச் சற்றுக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். புறம்பு என்றால் வெளி. உண்மை ஏதோ வளவு போலவும், ஒரு கூற்று அதன் வேலிக்கு அப்பால் விழுந்து கிடப்பது போலவும் அந்தத் தொடர் பேசுகிறது. அதை அங்கே போட்டது யார் என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. எழுவாயாக ஓர் ஆள் வேண்டியதில்லை, காலம் வேண்டியதில்லை, அறிந்து சொன்னாரா அறியாமல் சொன்னாரா என்பதும் வேண்டியதில்லை. அமைச்சுகளின் மறுப்பு அறிக்கைகளுக்கு அது வசதியான தொடர். ஒரு குற்றச்சாட்டை மறுக்கிற அதிகாரி, 'முற்றிலும் உண்மைக்குப் புறம்பானது' என்று எழுதி அனுப்புவார். அவருடைய வேலை அது. அதே தொடரைச் செய்தியறை தன் சொந்தக் குரலாக எடுத்துக்கொள்ளும்போதுதான் கேடு தொடங்குகிறது.

இந்த மடல் எழுதப்படும் இடத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கொம்பனித்தெருவில் மலாயரும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சுவரோடு சுவராக வாழ்கிறார்கள். தமிழர் 'பொய்' என்பதைச் சிங்களவர் 'பொரு' என்பார், மலாய் மொழியில் அது 'போஹொங்'. மூன்றும் ஒரே நிறையல்ல என்பது மொழிபெயர்க்கும் உங்களுக்குத் தெரியும். சிங்களப் பேச்சில் 'பொரு' என்பது பல வேளைகளில் 'அப்படி ஒன்றும் இல்லையே' என்ற அளவோடு நின்றுவிடும். பொய்ப்பல்லுக்கும் அதே சொல்தான். பஞ்சசீலத்தின் நான்காவது விரதம் விலக்கும் 'முசாவாத'மோ பாவம் என்ற கனத்தோடு வருவது. முன்னதைப் 'பொய் சொல்கிறார்' என்று பெயர்த்தால் எடை கூடிவிடும். பின்னதைத் 'தவறான தகவல்' என்று பெயர்த்தால் எடை குறைந்துவிடும்.

எங்கள் இடத்தின் பெயரையே பாருங்கள். ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகளை அடைத்து வைத்த இடம் என்பதால் ஆங்கிலத்தில் அது 'ஸ்லேவ் ஐலண்ட்' ஆயிற்று. தமிழிலும் சிங்களத்திலும் அவர்களை அடைத்த கொம்பனியின் பெயர் நிற்கிறது. இரண்டு பெயரிலும் பொய் கிடையாது. ஒன்று அடைபட்டவரைச் சொல்கிறது, மற்றது அடைத்தவரைச் சொல்கிறது, அவ்வளவுதான். எந்தச் சொல்லை எடுக்கிறோமோ, அதற்கேற்ப ஓர் ஆள் கண்ணுக்குத் தெரிகிறார், இன்னோர் ஆள் மறைகிறார். 'உண்மைக்குப் புறம்பானது' என்று எழுதும்போது மறைகிறவர் சொன்னவர்.

தமிழில் 'பொய்' என்பதற்கு எண்ணமோ உள்நோக்கமோ தேவையே இல்லை, ஆங்கிலத்தில் இருக்கும் வேறுபாட்டைத் தமிழின் தலையில் கட்டுகிறாய் என்று நீங்கள் சொல்லலாம். இந்த மறுப்பு வலுவானது. மழை பொய்க்கிறது, விளைச்சல் பொய்க்கிறது, கனவு பொய்க்கிறது. வானத்துக்கு நெஞ்சு ஏது, வஞ்சகம் ஏது? பொய்க்கால் குதிரை ஆடுகிறவர் எவரையும் ஏமாற்றவில்லை. பொய்முடி, பொய்க்கோபம், பொய்த்தூக்கம் எல்லாம் குற்றச்சாட்டுகள் அல்ல. யாழ்ப்பாணத்தார் 'பொய்க்கு அழுகிறான்' என்று குழந்தையைக் கொஞ்சிக்கொண்டே சொல்வார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இந்தச் சொல்லுக்கு மரப்பொந்து என்றும் ஒரு பொருள் தருகிறது. எனக்கு அந்தப் பொருள்தான் மற்றவற்றுக்குத் திறவுகோலாகத் தோன்றுகிறது. வெளியே பட்டை இருக்கிறது, நம்பிக் கையை வைத்தால் உள்ளே வெறுமை. மழை வரும் என்று நம்பி விதைத்தவனுக்கு வானம் அப்படித்தான் ஆயிற்று. குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் கபிலரின் தலைவி, தன்னைக் கூடியவன் அதைப் பொய்த்துவிட்டால் தான் என்ன செய்வது என்று கலங்குகிறாள்; அன்று அங்கே சாட்சியாக இருந்தது மீன் பார்த்து நின்ற ஒரு நாரைதான். அவன் 'நடக்கவில்லை' என்று சொல்லிவிடுவான் என்று அஞ்சுகிறாளா, வாக்குத் தவறிவிடுவான் என்று அஞ்சுகிறாளா? அந்த ஒரு வினை இரண்டையும் தாங்கி நிற்கிறது. ஆகவே சொல்லின் அடி அகலமானதுதான். அதை நான் மறுக்கவில்லை.

அந்த அகலத்துக்குள்ளேயே தமிழ் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறது. மழை பொய்த்தது என்போம். மழை பொய் சொன்னது என்று ஒருவரும் சொல்வதில்லை. பொய்த்தல் எதற்கும் நேரலாம். பொய் சொல்வதற்கு வாய் வேண்டும், அந்த வாய்க்குப் பின்னால் அறிந்த நெஞ்சு வேண்டும். தொல்காப்பியத்தின் கற்பியல், பெரியோர் திருமணக் கரணங்களை ஏன் வகுத்தார்கள் என்று சொல்லும் இடத்தில் பொய், வழு என்று இரண்டைத் தனித்தனியே வைக்கிறது. உரை எழுதிய இளம்பூரணர், செய்ததை மறைப்பது பொய் என்றும், செய்ததில் நிலைத்து நில்லாமல் தவறுவது வழு என்றும் பிரித்துக் காட்டுகிறார். மறைப்பவனுக்கு மறைக்கப்படுவது தெரிந்திருக்க வேண்டும் என்பதை விளக்க வேண்டியதில்லை. வள்ளுவரும் வாய்மை அதிகாரத்தில், 293ஆம் குறளில், ஒருவன் தன் உள்ளத்துக்குத் தெரிந்த ஒன்றில் பொய் பேசுவதைத்தான் கடிகிறார். பேசினால் அந்த உள்ளமே அவனைச் சுடும் என்கிறார். தெரியாமல் சொன்னவனை எந்த உள்ளம் சுடும்? ஆகவே இந்த வேறுபாட்டை நான் எங்கிருந்தும் இறக்குமதி செய்யவில்லை. 1883இல் வந்த நம் தண்டனைச் சட்டக்கோவையும் 188ஆம் பிரிவில் பொய்ச்சாட்சியத்தை அதே வழியில்தான் அளக்கிறது: கூற்று பொய்யாக இருந்தால் போதாது, சொன்னவர் அதைப் பொய்யென்று அறிந்தோ நம்பியோ, குறைந்தது மெய்யென்று நம்பாமலோ சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது உங்கள் தலைப்புகளில் வரும் 'பொய்ச் செய்தி'யை எடுத்துக்கொள்ளுங்கள். அது பொய்க்காலைப் போன்ற பொய்யா, பொய்ச்சாட்சியைப் போன்ற பொய்யா? இரண்டும் ஒரே வடிவம். வாசகர் இரண்டாவதாகத்தான் படிக்கிறார், ஏனெனில் பக்கத்தில் 'கைது' என்று இருக்கிறது.

இந்த வேறுபாடு உயிரோடு விளையாடும் இடம் அம்பாறை. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பிட வந்தவர் கறியில் ஏதோ கட்டியைக் கண்டார். சிங்களவரை மலடாக்குவதற்கு முஸ்லிம் கடைகளில் மாத்திரை கலக்கிறார்கள் என்ற கதை அதற்கு முன்பே நாட்டில் உலவிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடியது. காசுமேசையில் இருந்தவருக்குத் தமிழ்தான் தெரியும், சிங்களம் அரைகுறை. அவரைச் சுற்றி நின்று சிங்களத்தில் கேள்வி கேட்டார்கள், கைத்தொலைபேசி அதைப் படம் பிடித்தது. மாவுக் கட்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று எண்ணி, பயத்தில் தடுமாறி, 'தெரியாது, ஆம், போட்டோம்' என்ற பொருளில் அவர் ஏதோ சொன்னார். அந்தச் சில நொடிகள் 'ஒப்புதல் வாக்குமூலம்' ஆகிப் பேஸ்புக்கில் பறந்தன. அன்றிரவே உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மார்ச் தொடக்கத்தில் தீ திகனைக்கும் தெல்தெனியவுக்கும் போனது. 6ஆம் திகதி அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது, அடுத்த நாள் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அந்தக் கட்டி வெறும் மாவு என்று அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் சொன்னார். உணவில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் அப்படியொரு மாத்திரையே இல்லை என்று மருத்துவத் துறையினரும் சொன்னார்கள். அந்த வன்செயலில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது.

இந்தக் கதையில் பொய் சொன்னவர் யார் என்று ஒவ்வொருவராகக் கேட்டுப் பாருங்கள். காசுமேசையில் இருந்தவர் பொய் சொல்லவில்லை. அவர் வேறொரு கேள்விக்கு விடை சொன்னார். கட்டியைக் கண்டவர், மாத்திரைக் கதையை முன்பே நம்பியிருந்தால், அவரும் அந்தக் கணத்தில் பொய் சொல்லவில்லை, பயங்கரமாகத் தவறினார். காணொளியைப் பார்த்து அலறிப் பகிர்ந்த ஆயிரம் பேரில் பெரும்பாலோர் வதந்தியைச் சுமந்தவர்கள். 'கட்டி மாவு' என்ற அறிக்கை வெளியாகிய பிறகும் அதே காணொளியை அதே 'வாக்குமூலம்' என்ற பெயரோடு திரும்ப ஏற்றியவர் இருக்கிறாரே, அவருக்கு வேறு பெயர் கிடையாது. அறிக்கையைப் படித்துவிட்டுச் செய்தவர் பொய்யர்தான். ஒரே காணொளி, ஒரே சொற்கள். காலையில் தவறாக இருந்தது மாலையில் பொய்யாக மாறுகிறது. கூற்று மாறவில்லை, சொல்பவரின் அறிவு மாறிவிட்டது. அந்த மாறுதல் நடந்த நாளைக் குறித்துச் சொல்வதுதான் செய்தியறையின் வேலை என்கிறேன். என் வாதம் முழுவதும் இவ்வளவுதான். மற்றவை இதிலிருந்து வருபவை.

அந்த நாள் குறிக்கப்படாமல் போனதன் விலை அடுத்த ஆண்டே தெரிந்தது. 2019 மே 23ஆம் திகதி ஒரு சிங்கள நாளிதழ், ஒரு மருத்துவர் நாலாயிரம் சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று முதற்பக்கத்தில் எழுதியது. அடுத்த நாள் குருநாகலில் ஒரு முஸ்லிம் மருத்துவர் கைதானார். அந்தக் கருத்தடைக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் தெரிவித்தது. மாத்திரை போய்ச் சத்திரசிகிச்சை வந்தது. பழைய கதைக்குப் புதுச் சட்டை. முதற்கதை எந்த நாளில் பொய்யாயிற்று என்பதை நாடு மூன்று மொழியிலும் உரக்கக் கேட்டிருந்தால் இரண்டாவது கதைக்கு அவ்வளவு எளிதாகக் காது கிடைத்திருக்காது என்பது என் எண்ணம்.

ஜனாஸா எரிப்பு இதைவிடக் கடினமான சோதனை. கொம்பனித்தெருவின் முஸ்லிம், மலாய் வீடுகளுக்கு அது வெறும் செய்தியாக இருக்கவில்லை. கொவிட் தொற்றால் இறந்தவர்களை அடக்கம் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் மாதத்திலேயே வழிகாட்டல் தந்திருந்தது. இங்கே மார்ச் 30ஆம் திகதி முதல் முஸ்லிம் உடல் எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி எரிப்பைக் கட்டாயமாக்கியது. புதைத்தால் கிருமி நிலத்தடி நீரில் கலந்துவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களை விசாரணைக்கு ஏற்க மறுத்தது. அதே மாதத்தில் இருபது நாள் குழந்தை ஒன்றும் எரிக்கப்பட்டது. பிறகு பொரளை கனத்தை மயானத்தின் வாயிலில் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டத் தொடங்கினார்கள். கஃபன் துணியின் நிறம் அது. பேசுவதற்குச் சொல் கிடைக்காத நேரத்தில் மக்கள் துணியை எடுத்தார்கள் என்று எனக்குப் படுகிறது.

நிலத்தடி நீர்க் கதை தவறா, பொய்யா? மார்ச்சில் அதைச் சொன்னவருக்கு, புதுக் கிருமி, பீதி, போதாத அறிவு என்று ஒரு மன்னிப்பு இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் கையில் இருந்ததால் அந்த மன்னிப்பும் மெலிந்ததுதான். ஆனாலும் அதைத் தவறு என்று சொல்ல ஒப்புக்கொள்கிறேன். ஆண்டு முடியும்போது நிலைமை அப்படி இல்லை. புதைப்பதால் தொற்றுப் பரவும் என்பதற்குச் சான்று இல்லை என்று இலங்கை சமூக மருத்துவர்கள் கல்லூரி அறிக்கை விட்டது. இலங்கை மருத்துவச் சங்கமும் அதையே சொன்னது. சுகாதார அமைச்சு தானே அமைத்த நிபுணர் குழு ஒன்று அடக்கத்தையும் அனுமதிக்கலாம் என்று சொன்னது. அதற்குப் பிறகும் 2021 பெப்ரவரி 25ஆம் திகதி வர்த்தமானி வரும் வரைக்கும் உடல்கள் எரிந்துகொண்டிருந்தன. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடியில் முதல் அடக்கம் நடந்தது. அந்த இடைப்பட்ட வாரங்களில், அந்த அறிக்கைகளை வைத்துக்கொண்டே 'நிலத்தடி நீர்' என்று திரும்பச் சொன்ன ஒவ்வொரு வாய்க்கும் தமிழில் ஒரு பெயர் இருந்தது. நாம் அதைப் பயன்படுத்தவில்லை. 'சர்ச்சை' என்று எழுதினோம். 'ஜனாஸா விவகாரம்' என்று எழுதினோம். சர்ச்சை என்றால் இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, முடிவு தெரியவில்லை என்று பொருள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தபோதுதான் அந்தச் 'சர்ச்சை' முடிந்தது. மூன்றரை ஆண்டு பிந்திய மன்னிப்பை முதற்பக்கத்தில் போட்ட நாம், அந்தக் கூற்று எந்த வாரத்தில் பொய்யாயிற்று என்பதை இன்று வரைக்கும் ஒரு வரியில் எழுதவில்லை.

வதந்தியைப் பற்றியும் ஒரு சொல். அது வடமொழியில் 'சொல்கிறார்கள்' என்ற பொருளில் இருந்து வந்தது. சொல்கிறவர் இல்லாத சொல் என்பதே அதன் இலக்கணம். 1983 ஜூலை 29, வெள்ளிக்கிழமை, 'புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டார்கள்' என்று ஒரு பேச்சுப் பரவியது; ஓடியவர்களும் ஓட்டியவர்களும் அதை நம்பினார்கள், அன்று மறுபடியும் தமிழர் கொல்லப்பட்டார்கள். அந்தப் பேச்சுக்கு 'வதந்தி' என்ற பெயர் பொருந்தும். ஆனால் அடுத்த ஓரிரு நாட்களில் அரசாங்கம் முழு வன்செயலையும் இடதுசாரிச் சதி என்று அறிவித்து, மக்கள் விடுதலை முன்னணி, நவ சம சமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி ஆகிய மூன்றையும் தடை செய்தது. அந்தச் சதிக்கு நீதிமன்றத்தின் முன் ஆதாரம் எதுவும் வைக்கப்படவில்லை. அதற்குச் சொன்னவர் இருக்கிறார், சொன்ன நாள் இருக்கிறது, கையொப்பமும் இருக்கிறது. அதை வதந்தியோடு ஒரே கூடையில் போடுவது சொன்னவருக்குச் செய்யும் உதவி. அதிகாரத்தில் இருப்பவர் சொன்னது ஒருநாளும் வதந்தி ஆகாது. அது உண்மை, அல்லது தவறு, அல்லது பொய்.

ஒருவருடைய மனத்துக்குள் என்ன இருந்தது என்பதை நிருபர் எப்படி அறிவார் என்று கேட்பீர்கள். அறிய வேண்டியதில்லை. நீதிபதியும் அறிவதில்லை, அவர் ஆவணத்தைப் பார்க்கிறார். அறிக்கை எந்தத் திகதியில் கையளிக்கப்பட்டது, கூட்டத்தில் அவர் இருந்தாரா, திருத்தம் வெளியான பிறகு மீண்டும் சொன்னாரா: இவை நெஞ்சைப் பிளந்து பார்க்காமலே கிடைக்கும் விடைகள். கிடைக்காவிட்டால் 'பொய்' என்று எழுதாதீர்கள். 'தவறு' என்று எழுதுங்கள், 'ஆதாரம் இல்லை' என்று எழுதுங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை. கிடைத்த பிறகும் எழுதாமல் விடுவதைத்தான் கேட்கிறேன்.

வழக்கு வரும் என்ற அச்சம் நியாயமானது. குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டுவிட்டாலும் குடியியல் வழக்கு இருக்கிறது, அதன் செலவு ஒரு சிறு நிறுவனத்தை முடக்கிவிடும். ஆனாலும் அச்சத்துக்கு மருந்து மழுப்பல் சொல்லில் இல்லை, சான்றில்தான் இருக்கிறது. 'டிசம்பரில் இந்த அறிக்கை அவருக்குக் கிடைத்தது. ஜனவரியில் அதற்கு மாறாக இப்படிச் சொன்னார்' என்று இரண்டு திகதிகளையும் அருகருகே வைத்தால், சில வேளைகளில் 'பொய்' என்ற சொல்லே தேவைப்படாது. வாசகர் அதைத் தானே சொல்லிக்கொள்வார். அப்படி வைப்பதற்குக்கூட 'உண்மைக்குப் புறம்பானது' இடம் விடுவதில்லை என்பதே என் குறை.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. பாதிக்கப்பட்டவருக்கு என்ன வேறுபாடு? தவறால் எரிந்த கடையும் பொய்யால் எரிந்த கடையும் ஒரே சாம்பல்தானே? வள்ளுவரே வாய்மை என்பதைத் தீமை விளைவிக்காத சொல் என்று விளைவைக் கொண்டு வரையறுத்தவர். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று 292ஆம் குறளில் ஏற்றவர். அப்படியானால் விளைவைப் பார்த்தால் போதாதா? சாம்பல் ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்து என்ன செய்வது என்பது ஒன்றல்ல. தவறியவருக்குச் சரியான தகவலைக் கொடுத்தால் திருந்துவார். பொய் சொன்னவருக்கு எத்தனை தகவல் கொடுத்தாலும் திருந்த மாட்டார், ஏனெனில் தகவல் அவரிடம் முன்பே இருக்கிறது. முன்னவருக்கு விளக்கம் போதும், பின்னவரிடம் பொறுப்புக் கேட்க வேண்டும். 292ஆம் குறளை அறிந்து சொல்லும் பொய்க்கு அரணாக்குவதும் சரியில்லை. அங்கே கேட்கப்படும் நன்மை புரை தீர்ந்தது, களங்கம் அற்றது. இந்த நாட்டின் உணவகத்திலும் மயானத்திலும் சொல்லப்பட்ட எதுவும் அந்த அளவுகோலுக்கு அருகில்கூட வராது.

2024இல் இது சட்டத்தின் பிரச்சினையாகவும் ஆகிவிட்டது. அந்த ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், ஐந்து பேர் கொண்ட ஓர் ஆணைக்குழுவுக்குப் பொய்யான கூற்றுகளைப் பற்றித் தீர்மானிக்கும் அதிகாரம் கொடுத்தது. நாடாளுமன்றத்தில் ஆதரவாக 108, எதிராக 62 வாக்குகள். அந்தச் சட்டத்தின் மீது எனக்கு நம்பிக்கை இல்லை. எது பொய் என்பதை அரசு அமைக்கும் குழு முடிவு செய்வது, ஜனாஸா எரிப்பைப் பார்த்த நாட்டில், அஞ்ச வேண்டிய ஏற்பாடு. ஆனாலும் அதே சட்டம் பொய்யான கூற்று என்பதை வரையறுக்கும்போது, சொன்னவர் அது தவறென்று அறிந்தோ நம்பியோ இருக்க வேண்டும் என்பதையும், ஏமாற்றும் எண்ணத்தையும் சேர்த்தே சொல்கிறது. நல்லெண்ணத்தோடு சொன்ன கருத்தை விலக்குகிறது. தமிழில் வந்த சுருக்கங்கள் பலவற்றில் அந்தப் பாதி காணாமல் போய், 'பொய்ச் செய்தி பரப்பினால் சிறை' என்று மட்டும் நின்றது. தன் தாய்மொழியில் இதைப் படித்த ஒருவர், தவறாக ஒன்றைப் பகிர்ந்தாலே சிறை என்றுதான் விளங்கிக்கொள்வார். சட்டம் தராத அச்சத்தை நம் தலைப்புத் தந்துவிட்டது. அரசு கேட்காமலே அரசுக்குச் செய்த வேலை அது.

ஆகவே கேட்பது இதுதான். பேர வாவிக்கு அந்தக் கரையில் இருந்தாலும் இந்தக் கரையில் இருந்தாலும், 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் வந்த நாளில் இருந்து இந்த நகரத்தின் பொதுத் தமிழைத் தீர்மானித்து வருவது உங்கள் மேசைதான். வாய்ச்சொல் ஒரு தெருவோடு நின்றுவிடும். உங்கள் மேசையில் இருந்து புறப்படும் சொல் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் பதுளையிலும் வழக்காகிவிடும். அமைச்சின் மறுப்பை வெளியிடும்போது 'உண்மைக்குப் புறம்பானது' என்பதை மேற்கோள் குறிக்குள் போட்டு அவர்களுக்கே விட்டுவிடுங்கள். உங்கள் சொந்த வாக்கியத்தில் தவறைத் தவறு என்றும், சொன்னவர் யாரென்று தெரியாததை வதந்தி என்றும், அறிந்து சொன்னதற்குச் சான்று கையில் இருக்கும்போது பொய் என்றும் எழுதுங்கள். கைதானவரைப் பற்றி எழுதும்போது, அவர் அறிந்து செய்தார் என்பதற்குப் பொலிஸார் என்ன சான்று காட்டினார்கள் என்று கேட்டு, விடை கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்றே போடுங்கள்.

அதோடு ஒரு திகதியையும் சேருங்கள்: இதைச் சொன்னவருக்கு உண்மை எந்த நாளில் தெரிய வந்தது என்று. ஒரு பத்திக்கு ஒரு வரி அதிகம். அம்பாறையில் காசுமேசைக்குப் பின்னால் நின்று, விளங்காத கேள்விக்கு நடுங்கிக்கொண்டு விடை சொன்ன அந்த மனிதருக்கு நம் தமிழ் இன்னும் அந்த ஒரு வரியைக் கடன்பட்டிருக்கிறது. தயவுசெய்து அதை எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
கொம்பனித்தெருவிலிருந்து ஒரு வாசகர்